இல்லாத அடுப்புக்கு ஒரு பை

எங்கள் வீட்டில் மைக்ரோ ஓவன் இருந்ததே இல்லை. ஆனாலும் அதில் உருளைக்கிழங்கு வேகவைப்பதற்கென்று ஒரு துணிப்பை தைத்தவள் நான், ஆறாம் வகுப்பு படிக்கும்போது. அந்த வயதில் புத்தி அவ்வளவுதான் என்று சிரிக்கலாம். அந்தப் பைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்குச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் ஆபீஸ் வேலை கிடைத்து, நாங்கள் இரண்டு பேரும் அங்கே குடிவந்திருந்தோம். அப்பா கடலூரிலேயே தங்கிவிட்டார். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை, முதுநகரில் ரூம். "ஷிஃப்ட்டு மாறி மாறி வருது, அதான்" என்று கேட்டவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள். நானும் பள்ளிக்கூடத்தில் அதையே ஒப்பித்தேன். சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் தினம் வேலைக்குப் போய் வருகிறவர்களாலேயே பாதி பஸ் நிரம்பிவிடும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வருவார். முன்னறை நாற்காலியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து காபி குடிப்பார். மத்தியானமே கிளம்பிவிடுவார். ஒருநாள், "அங்க என்னப்பா சாப்புடுறீங்க?" என்று கேட்டேன். ரூமில் மைக்ரோ ஓவன் இருக்கிறது என்றார். உள்ளே லைட் எரியுமாம், தட்டு தானாகச் சுற்றுமாம். சமையல்கட்டில் இருந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். அவர் போனதும் அம்மா, "அவருக்கென்ன, சகல வசதியோட இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அன்றைக்குப் பாத்திரச் சத்தம் ஜாஸ்தி.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வரும்வரை நான் தனிதான். அந்தத் தெருவில் என் வயதில் ஒருத்தியும் கிடையாது. டிவி சீரியலில் வருகிறவர்களோடு சத்தமாகப் பேசுவேன். அவர்கள் பதில் சொல்லாததை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அப்படி ஒரு சாயங்காலம்தான் பழைய பத்திரிகையில் அந்தப் பையைப் பார்த்தேன். கிழங்கைக் கழுவி, பைக்குள் போட்டு ஓவனில் வைத்தால் மெத்தென்று வேகுமாம். துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும், தைக்கிற நூல்கூடப் பருத்திதான். கலப்புத் துணி என்றால் உருகித் தீப்பிடிக்கும் என்று போட்டிருந்தது. அப்பாவின் ரூம் பற்றி எரிவது எனக்குக் கண்முன்னால் வந்துவிட்டது.

வீட்டைக் கவிழ்த்துத் தேடினேன். அம்மாவின் புடவையெல்லாம் பாலியஸ்டர். என் யூனிபார்மோ டெரிகாட்டன். அம்மாவிடம் கேட்டபோது கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு பீரோவின் அடித்தட்டிலிருந்து, அப்பா விட்டுப் போயிருந்த வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். "நம்ம வூட்ல நெஜ காட்டன் இது ஒண்ணுதான் இருக்கு." ஓவனில் உலோகம் ஆகாது என்பதால் சரிகைக் கரையை வெட்டி எறிந்தேன். உள்ளே பழைய துண்டை மடித்து வைத்து, ஒன்பது சாயங்காலம் உட்கார்ந்து கையாலேயே தைத்தேன். பத்திரிகை நாலு கிழங்குக்கு அளவு கொடுத்திருந்தது. நாங்கள் மூன்று பேர்தானே என்று மூன்றுக்குக் குறைத்துக்கொண்டேன்.

அப்பா பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என் வேட்டியாச்சே."

"ஆமாப்பா, அம்மாதான் வெட்டிக்கச் சொல்லுச்சு" என்றேன் பெருமையாக.

அவர் சமையல்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். அன்று காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு, டியூஷன் மிஸ் வரச் சொன்னதாக அம்மாவிடம் புளுகிவிட்டு, உண்டியல் காசும் மூன்று உருளைக்கிழங்குமாகக் கடலூர் பஸ் ஏறிவிட்டேன். முதுநகர் ஸ்டேஷன் பக்கத்தில் கயிற்றுக்கடை மாடி என்று அப்பா எப்போதோ சொன்ன அடையாளம் போதுமாக இருந்தது. கதவு திறந்திருந்தது. ஒரு பாய், ஒரு துணிக்கொடி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். ஓவன் இல்லை. நான் தைத்த பையால் பிடித்து அப்பா சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்பது சாயங்காலம் தைத்ததைக் கரித்துணி ஆக்கிவிட்டாரே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "பொய் சொன்னீங்க" என்றேன். அவர் கீழே கடைக்குப் போய் அம்மாவுக்கு போன் செய்து நான் இங்கே இருப்பதைச் சொல்லிவிட்டு வந்தார். கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, உப்பு தூவிக் கொடுத்தார். கோபத்தோடேயே தின்றேன். திரும்பும் பஸ்ஸில் அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஓவன் இல்லன்னு அம்மாகிட்ட சொல்லாத பாப்பா."

சரி என்று தலையாட்டினேன்.

நாங்கள் தெருவுக்குள் வரும்போது அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடி விழும் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. தொளதொளத்துப் போயிருந்த சட்டையை, அதற்குள் இருந்த அப்பாவைத்தான் பார்த்தாள். "திட்டாத" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பி நடந்தார். நான் உள்ளே வந்ததும் அம்மா கேட்டைச் சாத்தினாள். கொண்டியைப் போடவில்லை, கையில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அங்க நெஜமாவே ஓவன் இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இருக்கும்மா. உள்ள லைட்டெல்லாம் எரியுது."

அம்மா தெருவைப் பார்த்தாள். அப்பா மெள்ளத்தான் போய்க்கொண்டிருந்தார், கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவர் முனை திரும்பியதும் கொண்டியைப் போட்டுவிட்டு, "போய்க் கை கால் கழுவு" என்றாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் அம்மா அத்தனை நேரம் அந்தக் கொண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது எனக்குத் தெரியவில்லை.