கரப்பான் பட்டன்

பெரிய திரையின் மேல் ஈரத் துண்டு காய்வதைக் குழாய்க்காரர் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். கொழுந்தியாளுக்கு வேலை கிடைத்த சமயம் அவர் ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் திரை அது. கடையில் இருந்ததிலேயே அகலமானது. தோளில் தூக்கி மாடியேறி மேசையில் வைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். அவள் அதன் நாலு மூலையையும் தடவிப் பார்த்தாள்.

"நல்ல அகலம் அத்தான். துணி காயப்போட ஆகும்."

பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. அது அவருக்குத் தெரியாதா என்ன? கம்ப்யூட்டர் வேலை என்றார்கள். கம்ப்யூட்டர்காரர்களுக்கு எது வேண்டுமோ அதை வாங்கினார். அன்றைக்கு வீடு முழுக்கச் சிரித்த சிரிப்பு அவர் காதிலேயே தங்கிவிட்டது. அவளோ சொன்னதோடு விடவில்லை, நிஜமாகவே துணி காயப்போட்டாள்.

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வைத்தது அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது வார்த்தை திரும்பி வரும். கீழே அவரும் மனைவியும், மாடி அறையில் வக்கீல். அந்த அறையைத் தாண்டிப் போனால் ஒரு குரல் கேட்கும். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரின் குரல். ஆனால் அதைப் பேச்சு என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அடைப்பு எடுத்த குழாய் காற்றும் தண்ணீருமாகக் கக்குமே, அந்த வேகம். அதைக் கேட்டுக்கொண்டே அவள் நிரல் எழுதுவாள், சாப்பிடுவாள், அக்காவோடு சண்டையும் போடுவாள். இது அவள் காதுக்குள் எப்படித்தான் போகிறது என்று குழாய்க்காரருக்கு உள்ளுக்குள் ஒரு குடைச்சல். துண்டு விவகாரம் நடுவில் இருந்ததால் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் மனைவி அவரை மாடிக்கு விரட்டினாள்.

"அவ ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் குடுத்திருக்காங்களாம். அதுலதான் இனிமே எழுதணுமாம். எல்லாம் குட்டி குட்டிப் படமா இருக்காம். நான் கண்ணாடி போட்டுப் பாத்தும் ஒண்ணும் தெரியல. நீங்கதான் வீட்டு பிளான்ல இருக்கிற கோலத்தையெல்லாம் படிக்கிற ஆளாச்சே, போங்க."

"உன் தங்கச்சி கூப்பிட்டாளா?"

"கூப்பிடலன்னா போக மாட்டீங்களோ?"

போனார். வக்கீலின் முகம் வாடியிருந்தது. வாதம் பண்ணாமல் விஷயத்தைச் சொன்னாள். புது மென்பொருளில் பட்டனுக்கெல்லாம் வெறும் படம்தான், பெயரே வைக்கவில்லை. கீபோர்டிலேயே ஒவ்வொரு பட்டனாகத் தாண்டிப் போக முடிகிறது. ஆனால் எதில் நின்றாலும் ஸ்கிரீன் ரீடர் "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. வருவது வரட்டும் என்று ஒன்றை அமுக்கினாள். அரைகுறை வேலை மொத்த ஆபீசுக்கும் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை டீம் லீடர் முன்னால் ஒரு பிழையைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் நிரல் எழுதும் வேலையிலிருந்து எடுத்து, போனில் பதில் சொல்லும் பிரிவில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"அதுவும் சம்பளம்தானே?" என்றார்.

"நாளையிலேருந்து நீங்க குழாயைத் தொடக் கூடாது, குழாய்க் கடையில போன் எடுங்கன்னா போவீங்களா?"

அவர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"இது கறுப்பா கிடக்கே. எப்பலேருந்து?"

"எனக்கு எப்படி அத்தான் தெரியும்?"

செத்த திரையை வைத்துக்கொண்டு எவ்வளவு காலமாக வேலை பார்த்தாளோ. குழாய்க்காரர் எழுந்தார். பெரிய திரை மேலிருந்த துண்டை எடுத்தார், மடித்தார், அவள் மடியில் வைத்தார். திரையின் ஒயரை லேப்டாப்பில் செருகினார். பல வருஷத் தூசிக்குப் பின்னால் வெளிச்சம் வந்தது.

"சிரிக்கிறீங்களா?" என்றாள்.

"இல்லியே."

"மூச்சு சிரிக்குது."

அப்புறம் வேலை ஆரம்பித்தது. அவள் கீயைத் தட்டத் தட்ட ஒரு கட்டம் படம் படமாகத் தாவியது. கட்டம் நின்ற படத்தை அவர் சொல்ல வேண்டும்.

"டீ ஜாயிண்ட்."

"என்னது?"

"ஒரு பைப்பிலேருந்து இன்னொரு பைப் பிரியுது. டீ ஜாயிண்ட்தான்."

அவள் நிமிர்ந்தாள். "கிளை! ஒரே வேலையை ரெண்டு வழியா பிரிச்சு எழுதுறது. நாங்களும் பிரிக்கிறதுன்னுதான் சொல்றோம். படம் இப்படித்தான் இருக்குமா?"

இத்தனை காலம் அவள் புழங்கிய விஷயத்துக்கு ஒரு உருவம் உண்டு என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. குழாய்க்காரருக்கும் சுவாரசியம் தட்டியது. மேகத்துக்குள் ஏறும் அம்பை "மேல் தொட்டிக்கு ஏத்துற மோட்டார்" என்றார். அவள் அமுக்கி மாட்டிக்கொண்டது அதைத்தான். நிரலை ஓட விடும் முக்கோணத்தை "திறக்கிற வால்வு" என்றார். அடுத்த படத்தில் தயங்கினார்.

"இது… கரப்பான். மீசை, ஆறு கால், எல்லாம் இருக்கு. ஆபீஸ் சாமானுக்குள்ள இது எதுக்கு?"

வக்கீல் கைதட்டிவிட்டாள். "அதைத்தான் ஒரு வாரமா தேடுறேன். பிழையை நாங்க பூச்சின்னு சொல்லுவோம். பூச்சி பிடிக்கிற பட்டன் அது."

பட்டன்களுக்கு நாமே பெயர் ஒட்ட ஸ்கிரீன் ரீடரில் வழி இருந்தது. அவர் சொன்ன பெயர்களையே அவள் ஒட்டினாள். ஆங்கிலக் குரல் "கரப்பான்" என்று வாய் கோணிக்கொண்டு சொன்னதைக் கேட்டுக் கீழேயிருந்து அக்கா ஓடி வந்தாள்.

அன்றைக்குத்தான் அவர் கேட்டார். "இவ்வளவு வேகமா கத்துதே, உனக்கு நிஜமாவே புரியுதா?"

அவள் குரலின் வேகத்தைக் குறைத்துக் காட்டினாள். சாதாரண மனிதப் பேச்சாகியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். மூன்றாவது கூட்டலில் அவர் தொலைந்துபோனார்.

"ஒரு குழாயைத் தட்டிட்டு உள்ள தண்ணி ஓடுதா நிக்குதான்னு சொல்றீங்கல்ல, எனக்கு அது 'டொக்'தான். பழக்கம் அத்தான்."

திங்கட்கிழமை, குளியலறை வால்வு கசிகிறது என்று ஒரு சாக்குச் சொல்லி மாடிக்கு வந்தார். வக்கீல் நாற்காலியைக் காட்டினாள். "உக்காருங்க. வாயைத் திறக்கக் கூடாது."

டீம் லீடரின் குரல் கம்ப்யூட்டரில் வந்தது. பஸ் டிக்கெட் பதியும் நிரல் ஒன்று ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுகிறது. எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அவள் விரல்கள் பறந்தன. கரப்பான், திறக்கிற வால்வு. நிரல் ஓடியது. ஓட்டத்தை நிறுத்த அதே இடத்துக்கு வந்தாள்.

"பட்டன்," என்றது குரல்.

அவள் விரல் நின்றது. இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தாள். மறுபடியும் "பட்டன்."

"என்னாச்சு?" என்றார் லீடர்.

குழாய்க்காரருக்குத் திரை தெரிந்தது. சனிக்கிழமை அவர்கள் எதையும் ஓட விட்டுப் பார்க்கவில்லை. ஓடும்போது படம் மாறும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படம் மாறியதும் ஒட்டிய பெயரும் போய்விட்டது. பல்லைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை.

"வக்கீலே, முக்கோணம் சதுரமாயிடுச்சு. அதே வால்வுதான். அமுக்கு, மூடிக்கும்."

லீடரின் குரல் உயர்ந்தது. "யாரது?"

டீவி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் சொல்லவில்லை. "என் அக்கா வீட்டுக்காரர். குழாய் வேலை."

"அப்போ உங்களால இதைத் தனியா செய்ய முடியாது, அப்படித்தானே?"

தன் வாயாலேயே அவள் வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்று குழாய்க்காரர் நாற்காலிக்குள் ஒடுங்கினார்.

"கண்ணு தெரியறவங்களுக்குப் படம் ஒட்டிக் குடுத்திருக்காங்க சார். எனக்குப் பேரு ஒட்டல. நானே ஒட்டிக்கிட்டேன், ஒண்ணு விட்டுப்போச்சு. இப்ப அதையும் ஒட்டுறேன். முதல்லேருந்து ஓட்டிக் காட்டுறேன், இந்தத் தடவை யாரும் பேச மாட்டாங்க."

ஒட்டினாள். ஓட்டினாள். யாரும் பேசவில்லை. சீட் காலியா என்று பார்ப்பதற்கு முன்பே நிரல் டிக்கெட்டை உறுதி செய்துவிடுகிறது. அந்த வரியில் போய் நின்று காட்டினாள்.

லீடர் தொண்டையைச் செருமினார். "சரி. பேரு இல்லாத பட்டன் எல்லாத்தையும் எழுதி அனுப்புங்க, செஞ்சவங்ககிட்ட நான் பேசுறேன். எழுதுற வேலையிலேயே இருங்க." கொஞ்சம் தயங்கினார். "அது சரி, நடுவுல கரப்பான்னு ஏதோ சொல்லிச்சே?"

சில வாரம் கழித்து எல்லாப் பட்டனுக்கும் முறையான பெயர் வந்துவிட்டது. அவள் ஒட்டியதையெல்லாம் எடுத்தாள், கரப்பானை மட்டும் விட்டு வைத்தாள். துண்டு ஜன்னல் கம்பிக்கு இடம் மாறியது.

ஒரு நாள் மாலை குழாய்க்காரர் திரையை அணைக்கக் கை நீட்டினார்.

"இருங்க," என்றாள். "எழுத்தெல்லாம் என்ன கலர்ல இருக்கு?"

"வெள்ளை, மஞ்சள். ஒயர் கட்டு மாதிரி. நடுவுல சில வரி முழுக்கப் பச்சை."

"பச்சையா? ஒரு வரியைப் படிங்க."

பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்ட ஆங்கிலம். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சொன்னார். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அது மெஷினுக்கு இல்ல அத்தான். பின்னால வந்து படிக்கிற மனுஷனுக்கு எழுதி வெக்கிறது. அதுக்குன்னு தனியா ஒரு கலர் இருக்குன்னு யாரும் சொல்லவே இல்ல." கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "இப்ப நான் ஒரு வரி எழுதுறேன். பச்சையா வருதான்னு பாத்துச் சொல்லுங்க."