வேறு ஆள் இல்லாத அணி

ஈரம் காயாத தோள்கவசமும், புல்லும் சேறும் அப்பிய சப்பாத்தும், வியர்வையில் ஊறி விறைத்த கையுறையும் ஒரே பைக்குள் கிடந்து புழுங்கும்போது எழும் அந்த நாற்றம், ஓகஸ்ட் பிறந்ததும் சென்ட் லோரன்டில் இருந்த எங்கள் மூன்றாம் மாடி வீட்டின் ஒடுங்கிய நடைவழிக்குக் குடிவந்துவிடும். நவம்பரில் முதல் பனி விழும்வரை போகாது. அம்மா மீன் பொரித்தாலும் கருவாடு வாட்டினாலும் அதை வெல்ல முடிந்ததில்லை. "உந்தச் சாக்கைப் பல்கனியில வையடா" என்று அவர் கத்துவார். "ஆரும் களவெடுத்துப் போடுவாங்கள் அம்மா" என்பான் அண்ணா. "உதை எடுக்கிறவனுக்குக் காசும் குடுத்து விடலாம்" என்று அப்பா கதிரையில் இருந்தபடியே சொல்லுவார்.

அண்ணா ஆடியது எங்கள் ஊர்க்காரர் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி, எதிரே வருபவனை இடித்து விழுத்தும் இந்த நாட்டு ஆட்டம் அது. "காலால அடிக்கிறதும் இல்லை, பந்து உருண்டையும் இல்லை, பேந்தேன் உதுக்கு ஃபுட்போல் எண்டு பேர்?" என்று கேட்ட அப்பா, தானே அதற்கு 'முட்டைப் பந்து' என்று பெயர் வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பத்தாம் வகுப்பிலேயே அப்பாவைவிட ஒரு தலை உயர்ந்து, தேவாலய வாங்கில் அமர்ந்தால் மூன்று பேரின் இடத்தை அடைத்துக்கொள்ளும் அண்ணாவைப் பள்ளிக்கூடத்துப் பயிற்சியாளர் கண்டுபிடித்து முன்வரிசையில் நிறுத்தினார். முன்வரிசைக்காரனின் வேலை, பந்து எறிபவனை எதிரிகள் நெருங்காமல் மறித்து நிற்பது. ஆட்டம் முழுவதும் அவன் கையில் பந்து படாது. அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "பிள்ளைக்கு ஒருக்காலும் பந்து குடுக்கினமில்லை, நிறத்தைப் பாத்துச் செய்யினமோ?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டிருக்கிறார்.

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் ஆட்டம் விளங்கியவள் நான் ஒருத்திதான். எங்கள் தெருவின் முடிவில், மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் பின்பக்கம், சிறிய கல்லூரி ஒன்றின் மைதானம் இருந்தது. பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முன்னால் படிக்கும் இந்தக் கல்லூரிகளைக் கியூபெக்கில் 'செஜெப்' என்பார்கள். சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகள் நுழைவுச் சீட்டு இல்லாமலே ஆட்டம் பார்க்கலாம். இரண்டாம் மாடியில் இருந்த ஹெயிட்டிக் குடும்பத்துப் பெண் நதேஜும் நானும் ஒன்பது வயதிலிருந்தே தவறாமல் போவோம். நாங்கள் 'எங்கள் அணி' என்று கொண்டாடிய அந்தக் கல்லூரி அணி பெரும்பாலும் தோற்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது. ஏன் தோற்கிறது என்பதைக் கண்டுபிடித்ததுதான் எங்கள் பெருமை. முதல் பாதியில் எவரோடும் சரிக்குச் சரி நிற்பார்கள். இரண்டாம் பாதியில் எதிரணி புதிய ஆட்களை இறக்கிக்கொண்டே இருக்கும், எங்கள் பக்கத்திலோ தொடக்கத்தில் நின்ற அதே பையன்கள் நாக்கு வெளியே தள்ள நிற்பார்கள். மாற்ற ஆள் இல்லை. அதனால் எங்களுக்குக் குளிர்காலமும் ஆட்டக்காலமாகவே இருந்தது. எந்தப் பள்ளியில் எவன் முடிக்கிறான், அவன் எந்தக் கல்லூரிக்குப் போகப்போகிறான் என்று பள்ளி பஸ்ஸிலும் மாடிப்படியிலும் நாங்கள் பேசிய பேச்சுக்குக் கணக்கில்லை. "வாற வருஷம் உன்ர அண்ணா வந்தால் இடப்பக்கம் சரியாகிடும்" என்று நதேஜ் பிரெஞ்சில் சொல்லுவாள். அண்ணா வேறு எங்கேயும் போகக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அண்ணா பதினோராம் வகுப்பில் இருந்த குளிர்காலத்தில் இரண்டு கல்லூரிகள் அவனைத் தேடி வந்தன. முதலில் வந்தது நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த பெரிய கல்லூரி. மூன்று பேர் ஒரே மாதிரி மேலங்கியில் வந்து, எங்களைத் தங்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய், கண்ணாடிச் சுவர் போட்ட உடற்பயிற்சிக் கூடத்தையும், காயத்துக்குச் சிகிச்சை கொடுக்கும் அறையையும், அண்ணாவின் பெயரை ஏற்கெனவே எழுதி ஒட்டியிருந்த அலுமாரியையும் காட்டினார்கள். அப்பா அந்தப் பெயரை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

எங்கள் தெருமுனைக் கல்லூரியின் பயிற்சியாளர் தனியாக, பனி கொட்டிய ஒரு மாலையில் பஸ்ஸில் வந்தார். அம்மா புட்டும் மாட்டிறைச்சிக் கறியும் வைத்தார். அவர் மூக்கு ஒழுக ஒழுக முழுவதையும் சாப்பிட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். பெற்றோருக்குப் பிரெஞ்சு அவ்வளவாக வராது. நான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தேன்.

"அவர் சொல்லுறார், காட்டுறதுக்குத் தங்களிட்ட ஒண்டும் இல்லையாம். ஆனா அண்ணா வந்த அண்டைக்கே விளையாடலாமாம்."

அப்பா சிரித்தார். "அப்ப அவையளிட்ட ஆளில்லை எண்டுதானே அர்த்தம்? உதைச் சொல்லாதை, பிள்ளை."

நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவின் சிரிப்பையும் என் முகத்தையும் பார்த்த அந்த மனிதர், "ஓம், அதுதான்" என்பதுபோலத் தலையாட்டித் தானும் சிரித்தார்.

அண்ணா பெரிய கல்லூரியைத் தேர்ந்தான். அவனைக் குறை சொல்ல இப்போது எனக்கு மனம் வரவில்லை. பதினேழு வயதில் தன் பெயர் ஒட்டிய அலுமாரியை எவன் வேண்டாம் என்பான்? அப்பாவின் பக்கமும் நியாயம் இருந்தது. டோர்வல் விமானநிலையத்தில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர் அவர். "நாங்கள் இவ்வளவு தூரம் வந்தது உள்ளதுக்குள்ள நல்ல இடத்துக்குப் போகத்தானே" என்று சொன்னபோது அவர் ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது எனக்கே விளங்கியது. ஆனாலும் நான் ஒரு கிழமை அண்ணாவோடு கதைக்கவில்லை. நதேஜ் என்னைவிடக் கோபமாக இருந்தாள்.

அந்த அலுமாரிக்குப் பக்கத்தில், களத்தில் அவன் நிற்கவேண்டிய அதே இடத்துக்கு எடுத்திருந்த இன்னும் நாலு பேரின் அலுமாரி இருந்ததை நாங்கள் யாரும் கவனித்திருக்கவில்லை. நாலு பேரும் அவனைவிட மூத்தவர்கள். அண்ணா ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ்ஸும் மெட்ரோவும் ஏறிப் பயிற்சிக்குப் போனான். அடிபட்டான், வீங்கிய விரல்களோடு வந்தான். சனிக்கிழமை சுத்தமான உடுப்போடு ஓரத்தில் நின்றுவிட்டு அதே சுத்தத்தோடு திரும்பினான். அம்மா அதில் ஆறுதல் கண்டார். தோய்க்கிற வேலை குறைவு என்றார்.

ஒக்டோபரில் அந்தப் பெரிய அணி எங்கள் தெருமுனை மைதானத்துக்கு ஆட வந்தது. அப்பா வேலைக்கு லீவு போட்டார். அம்மா இறைச்சி அடைத்த ரோல்ஸ் சுட்டு எடுத்துக்கொண்டு, தேவாலயத்தில் பழகிய இரண்டு குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு விருந்தாளி அணியின் பக்கம் போய் உட்கார்ந்தார். நான் எதிர்ப்பக்கத்தில் நதேஜோடு என் வழக்கமான இடத்தில் இருந்தேன். அம்மா கையசைத்துக் கூப்பிட்டார். நான் காணாததுபோல் இருந்தேன்.

ஆட்டத்தின் நான்கு பகுதிகளில் மூன்றாவது முடியும்போதே யார் வெல்வது என்பது முடிவாகிவிட்டிருந்தது. எண்ணிக்கைப் பலகையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்போதுதான் அண்ணாவை இறக்கினார்கள். எதிர்ப்பக்கத்தில் அம்மா துள்ளி எழுந்தார். "என்ர பிள்ளை இறங்கிட்டான்! இஞ்ச பாருங்கோ, என்ர பிள்ளை!" என்ற குரல் மைதானத்தைத் தாண்டி எங்களுக்குக் கேட்டது. ரோல்ஸ் பெட்டி கீழே விழுந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

நான் எழும்பவில்லை. வெற்றி உறுதியான பிறகுதான் பெரிய அணிகள் கடைசி ஆட்களை இறக்கும் என்பது எனக்குத் தெரியும். முதல் ஆட்கள் காயப்படாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான். நதேஜுக்கும் தெரியும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைக்கவசத்துக்குள் இருந்த அண்ணாவுக்கும் அது தெரியும் என்று எனக்குப் பட்டது.

அவனுக்கு எதிரே நின்றவன் தியெரி. எங்கள் அணியில் எனக்கு மிகவும் பிடித்தவன். பந்து எங்கள் கையில் இருக்கும்போது மறித்து நிற்பான், எதிரி கையில் இருக்கும்போது பாய்ந்து பிடிப்பான்; பெரிய அணிகளில் அது இரண்டு ஆட்களின் வேலை. அன்று ஆட்டம் தொடங்கியது முதல் ஒரு தடவையும் வெளியே போகாமல் நின்றவன். அண்ணா அவனை முதல் இடியிலேயே விழுத்தினான். அடுத்த தடவையும் விழுத்தினான். மூன்றாம் தடவை தியெரி விழுந்து எழும்பாமல் கிடந்தான். அண்ணா குனிந்து அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். நின்றவனின் கால்கள் நடுங்கியது எங்கள் வாங்கில் இருந்தே தெரிந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா நண்டுக்கறி வைத்திருந்தார். அப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அந்தப் பெடியனை விழுத்தினானே, பாத்தியே? ஒருக்கா இல்லை, மூண்டு தரம்!"

அண்ணா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். "அவன் முதல்ல இருந்து நிண்டவன் அப்பா. நான் அப்பத்தான் இறங்கினனான்."

"அதுக்கென்ன?"

"அவனுக்கு நிக்கவே ஏலாமல் இருந்தது. நான் விழுத்தேல்லை, அவன் விழுந்தவன்."

அம்மா கோப்பையைத் திரும்ப அவன் முன்னால் தள்ளி வைத்தார்.

அந்த வருடப் பட்டத்தைப் பெரிய அணிதான் வென்றது. அண்ணாவுக்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள். அம்மா அதைச் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். தை பிறந்து, பனி மலையாகக் குவிந்திருந்த ஒருநாள் அண்ணா தானே எங்கள் தெருமுனைக் கல்லூரிப் பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தான். இப்போதும் ஆள் தேவையா என்று அவன் பிரெஞ்சில் கேட்டதைக் குசினியில் நின்று கேட்ட நான், நதேஜிடம் சொல்லப் படிகளில் பாய்ந்து ஓடினேன்.

அப்பாவிடம் சொன்னபோது வீடு இரண்டுபட்டது. "வெல்லுற இடத்தை விட்டுப்போட்டுத் தோக்கிற இடத்துக்குப் போறான். ஆரும் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார். அண்ணா, "அங்க நான் இல்லாட்டியும் வெல்லுவினம் அப்பா" என்று மட்டும் சொன்னான். அப்பா அவன் முகத்தையும் பார்க்காமல், "உன்ர விருப்பம்" என்று சொல்லி எழுந்து போனார்.

அடுத்த பருவம் அண்ணா தியெரிக்குப் பக்கத்தில் நின்றான். அவனைப்போலவே மறிப்பதும் பாய்ந்து பிடிப்பதுமாக இரண்டு வேலையும் செய்தான். எங்கள் அணி அந்த ஆண்டு அடிக்கடி வென்றது என்று எழுத ஆசையாக இருக்கிறது, வெல்லவில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் பிய்ந்து போவது நின்றது. நதேஜும் நானும் தொண்டை அடைக்கக் கத்தினோம். அம்மா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, பந்து யாரிடம் இருக்கிறது என்று பாராமல் அண்ணாவை மட்டும் பார்த்தார். அப்பா வரவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு 'ஷிப்ட்' இருந்தது. இல்லாத சனிக்கிழமைகளில் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று அம்மா பிறகு சொன்னார்.

பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று மழையும் பனியும் கலந்து கொட்டியது. இரண்டாம் பாதி தொடங்கியபோது கம்பிவேலிக்கு வெளியே, விமானநிலையத்தின் மஞ்சள் மேலங்கியோடு ஒருவர் நிற்பதைக் கண்டேன். ஓடிப்போனேன்.

"உள்ளுக்கு வாங்கோ அப்பா, அம்மா அங்க இருக்கிறா."

"இஞ்ச காணும்." அவர் கண் மைதானத்தைவிட்டு எடுபடவில்லை. அண்ணா மறித்தான், விழுந்தான், எழும்பினான்; பந்து கைமாறியது, அவன் திரும்பி நின்று மறுபடி இடித்தான். வெகுநேரம் பார்த்துவிட்டு அப்பா கேட்டார்: "இவனை எப்ப வெளியில எடுப்பினம்?"

"எடுக்க மாட்டினம் அப்பா. வேற ஆள் இல்லை."

"ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தரும் இல்லை."

அப்பா கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து, வாசல் பக்கமாக நடந்து, உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அன்றும் தோற்றோம், மிகக் கொஞ்சத்தில். வாகனத் தரிப்பிடத்துக்கு அண்ணா நொண்டிக்கொண்டு வந்தான். விரல்கள் எல்லாம் சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றியிருந்ததால் அவனால் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. காரின் கதவைத் திறந்து அவனை இருத்திவிட்டு, அப்பா அந்தச் சேற்றில் முழங்காலிட்டு, இறுகிப்போன முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி ஒவ்வொன்றாகக் கழற்றினார். அண்ணா, "விடுங்கோ அப்பா, நான் வீட்டை போய்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"அடுத்த கிழமை எங்கையடா மட்ச்?" என்று கேட்டார் அப்பா, நிமிராமலே.

"முடிஞ்சுது அப்பா. இதுதான் கடைசி."

அப்பா கழற்றிய சப்பாத்துகளைத் தட்டிச் சேற்றை உதிர்த்தார். பிறகு, "அப்ப வாற வருஷத்துக்கு இப்பவே லீவு சொல்லி வைக்கவேணும்" என்றார். சொன்னபடியே செய்தார். அண்ணாவின் கடைசி ஆண்டில் ஒரு சனிக்கிழமைகூட அவர் தவறவிடவில்லை.

இன்று அண்ணா விமானப் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை பார்க்கிறான். குளிர் தொடங்கினால் முழங்காலைத் தடவுவான். நதேஜ் ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள். எங்கள் அணி அதற்குப் பின் சில ஆண்டுகளே தாக்குப்பிடித்தது. பெரிய கல்லூரிகள் நல்ல பையன்களை எல்லாம் அள்ளிக்கொள்ள, ஒரு வசந்தத்தில், ஆட்கள் போதாது என்று சொல்லிக் கல்லூரி அதை நிறுத்திவிட்டது. அந்த மைதானத்தில் இப்போது செயற்கைப் புல் விரித்துப் பிள்ளைகள் உதைபந்து ஆடுகிறார்கள். நாங்கள் இருந்த வாங்குகளைக் கழற்றிவிட்டார்கள். மருந்துத் தொழிற்சாலையும் பெயர் மாறிவிட்டது.

போன இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, அஹுன்ட்சிக்கில் என் வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். தொலைக்காட்சியை மாற்றிக்கொண்டு போனபோது, அண்ணா முதலில் சேர்ந்த அந்தப் பெரிய கல்லூரியின் ஆட்டம் வந்தது. இப்போதும் வெல்கிறார்கள். ஓரத்தில் வரிசை வரிசையாக, சுத்தமான உடுப்போடு, எத்தனையோ பையன்கள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சநேரம் பார்த்தார்.

"உவையளிட்ட ஆக்கள் கனக்க" என்றார் கடைசியில். "உவ்வளவு ஆள் இருந்தா ஆர்தான் வெல்ல மாட்டினம்? நிப்பாட்டு, பிள்ளை."