பல் டாக்டர் வாசல் தொட்டிகள்

கோளாறு தன் கையில் இல்லை என்று தெரிந்த அந்தக் காலையில், தொட்டியக்கா பல் டாக்டரின் வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். முழங்கை வரை சேறு. தெருவில் போனவர்கள், பல் பிடுங்கக் கொடுத்த மயக்கம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அவளுக்கு அந்தப் பேரை வைத்தவர் பெயிண்ட் கடைக்காரர். அதற்கு முன் அவள் வீட்டிலிருந்தபடியே துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோப்பதற்குள் கண்ணில் நீர் முட்டத் தொடங்கியதும் தையலுக்கு முழுக்குப் போட்டாள். கை சும்மா இருக்கவில்லை. மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் வாளிகளில் பூச்செடி வைத்தாள். வாளி வாங்க அடிக்கடி போனதில் கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "எல்லாரும் பெயிண்ட் வாங்க வராங்க, நீங்க காலி வாளிக்கு வர்றீங்க. வீட்டுல என்னதான் நடக்குது?" என்று கேட்டார். மறுநாள் பூத்து வழிந்த ஒரு வாளியைத் தூக்கிவந்து அவர் கடை வாசலில் வைத்தாள். அவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமும் ஒண்ணு வைங்க, தொட்டியக்கா" என்றார். பேர் ஒட்டிக்கொண்டது. மருந்துக் கடை, கண்ணாடிக் கடை, முடிவெட்டும் கடை என்று தெருவின் பாதி வாசல்கள் ஒவ்வொன்றாக அவள் கைக்கு வந்தன.

அவள் தொட்டியில் செடி நடுவது, குடும்பப் புகைப்படத்துக்கு ஆள் நிறுத்துவது போல இருக்கும். நடுவில் உயரமாக ஒரு செடி, பெரியப்பா மாதிரி விறைப்பாக. அவரைச் சுற்றி ஜெரேனியமும் பெட்டூனியாவும் இடமில்லாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு. விளிம்பில் தொங்கும் கொடிகள், மடியில் இருக்க மாட்டாமல் நழுவும் சின்னப் பிள்ளைகள். மண் மட்டும் கண்ணில் படக்கூடாது. "மண்ணு தெரிஞ்சா தலையில வழுக்கை தெரிஞ்ச மாதிரி" என்பாள். முடிவெட்டும் கடைக்காரர் முன்னால் மட்டும் சொல்ல மாட்டாள், பாவம், அவருக்கே ஒன்றும் மிச்சமில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். பூத்துக் களைத்த செடி கடை வாசலில் நிற்காது. டியூட்டி முடிந்த நர்ஸ் மாதிரி மொட்டை மாடிக்கு ஓய்வுக்குப் போய்விடும். அங்கே தேறி மொட்டு வைத்த செடி அதன் இடத்துக்கு வரும். அதனால் அவள் வாசல்களில் வாட்டம் என்பதை யாரும் பார்த்ததே இல்லை.

பல் டாக்டரின் வாசல் வரும் வரைக்கும்.

டாக்டர் கட்டிடத்தைப் புதுப்பித்து, முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும் கல்லில் படி போட்டிருந்தார். படியின் இரு பக்கமும் குட்டையான கால்கள் வைத்த நாலு பெரிய தொட்டிகள். "வாசல் வரைக்கும் வந்துட்டு பயந்து திரும்பிப் போறவங்க நிறைய பேரும்மா. பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகணும்" என்று சொல்லித்தான் வேலையைக் கொடுத்தார். முதல் மாதம் மனசு தேவைக்கு மேலேயே இளகியது. "பூப் பார்க்கிறேன்னு அரை மணி நேரம் நிக்கிறாங்கக்கா. கூப்பிட்டா, இந்த மொட்டு விரியட்டும்கிறாங்க" என்று ரிசப்ஷன் பெண் குறைப்பட்டாள்.

அப்புறம்தான் இலை மஞ்சளித்தது. மொட்டுகள் விரியாமல் உதிர்ந்தன. பெரியப்பா தலையைத் தொங்கப் போட்டார். தொட்டியக்கா விரலை விட்டுப் பார்த்தாள். மேல் மண் வெயிலில் காய்ந்து பொரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றினாள். இன்னும் வாடியது. மேலும் ஊற்றினாள். இலையைத் திருப்பிப் பூச்சி தேடினாள், உரத்தைச் சந்தேகப்பட்டாள், வெயிலைச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் தன் கையையே பார்க்க ஆரம்பித்தாள். கண் போன மாதிரி இதுவும் போய்க்கொண்டிருக்கிறதோ.

டாக்டர் சத்தம் போடுகிறவராக இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். அவரோ பொறுமையாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மேல் மாடி திறக்கிறோம். என் மச்சான் பிளாஸ்டிக் பூ கொண்டுவந்து காட்டினான். வாடாது, தண்ணி வேண்டாம். வியாழக்கிழமை வரைக்கும் பார்ப்போம்மா. தப்பா நினைக்காதீங்க."

அவள் தப்பாக நினைக்கவில்லை, பயந்தாள். டாக்டர் வாசலில் பிளாஸ்டிக் வந்துவிட்டால், எதிர்க் கடைக்காரர் கேட்பார், பக்கத்துக் கடைக்காரர் கேட்பார். தெருவே கேட்கும். மொட்டை மாடியில் தேறிக்கொண்டிருக்கிற செடிகளுக்குப் போக வாசல் இருக்காது. வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டில் மட்டும் உப்பு இரண்டு தடவை விழுந்தது. கணவர் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

கணவர் குழாய் வேலைக்காரர். காது மந்தமானாலும் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். விருந்துக்குப் போன வீட்டிலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வாஷரை மாற்றிவிட்டு வருவார்.

புதன்கிழமை, கிளினிக் திறப்பதற்கு முன்பே, தொட்டிகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் புதிதாக நட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கணவரும் கொழுந்தனும் வந்தார்கள். கொழுந்தனின் சுமை வண்டி ஓரமாக நின்றது. முதல் தொட்டியைப் பிடித்த கொழுந்தன் அப்படியே நிமிர்ந்தான்.

"அண்ணி, இதுல செடி வச்சீங்களா, இல்ல யாரையாவது புதைச்சீங்களா?"

"வைக்கும்போது நானும் உங்க அண்ணனும் ரெண்டே பேரா தூக்கினோம். வயசாயிடுச்சுன்னு சொல்லு. சரி, சாய்ச்சு உருட்டு."

"உருட்டாதே" என்றார் கணவர் அவசரமாக. "அடியில பூசினது உரசிப் பேந்துடும்."

தொட்டியக்கா மெதுவாகத் திரும்பினாள். "என்ன பூசினது?"

அவர் தெருவைப் பார்த்தார். "அதான், அந்த ஓட்டை."

"எந்த ஓட்டை?"

"ஒழுகற ஓட்டைதான். படியில செம்மண் தண்ணி ஓடுதுன்னு அந்த ரிசப்ஷன் பொண்ணு முணுமுணுக்குதுன்னு நீதானே சொன்னே? உனக்கு எதுக்குத் தலைவலின்னு வந்து அடைச்சுட்டேன். நாலுலயும். இந்தப் படியில மல்லாந்து படுத்து. படகுக்குப் பூசற சாமான் அது, லேசுல விடாது."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நீயா கேப்பேன்னு இருந்தேன். படி இப்படிப் பளிச்சுன்னு இருக்கே, யாரு பண்ணதுன்னு. நீ கேக்கவே இல்லை." அவர் குரலில் பல நாள் மனத்தாங்கல் இருந்தது.

படி சுத்தமாக இருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. ரிசப்ஷன் பெண் திருந்திவிட்டாள், துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். மேலே மண் காய்ந்திருக்க, கீழே தொட்டிக்குள் குளம் கட்டி நின்றிருக்கிறது. அவள் ஊற்ற ஊற்ற அது நிறைந்திருக்கிறது. செடி தாகத்தில் வாடவில்லை, மூழ்கி வாடியிருக்கிறது.

"திறங்க" என்றாள்.

அவர் பையிலிருந்து டிரில்லை எடுத்துக்கொண்டு மறுபடியும் படியில் மல்லாந்தார். அந்தச் சத்தத்துக்குச் சரியாக டாக்டர் வந்து இறங்கினார். "உள்ளே கேட்டாலே ஓடுவாங்க. இப்ப வாசல்லயேவா?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பூச்சு விட்டுக்கொடுத்தது. கருப்புத் தண்ணீர் கணவரின் சட்டையில் பாதியும் பளபளக்கும் படியில் பாதியுமாகக் கொட்டியது. நாற்றத்தில் டாக்டர் தன் முகமூடியை அங்கேயே மாட்டிக்கொண்டார்.

தொட்டியக்கா எதையும் கவனிக்கவில்லை. பெரியப்பாவின் காலடியில் கையை விட்டுத் தோண்டினாள். வெளி வேரெல்லாம் அழுகி விரலோடு வந்தது. இன்னும் உள்ளே விட்டாள். தண்டை ஒட்டி ஒரு பிடி வேர், வெள்ளை வெளேரென்று, உறுதியாக. அப்போதுதான் அவள் படியில் உட்கார்ந்தாள். சிரிப்பு அதுவாக வந்தது. கை நன்றாகத்தான் இருந்தது. ஓட்டையை அடைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்த ஒரு மனுஷனைத் தவிர வேறு கோளாறே இல்லை.

நடந்ததைக் கேட்ட டாக்டருக்கும் முகமூடிக்குள் தோள் குலுங்கியது. "அடைச்ச இடத்துல சீழ் கட்டினா நாங்களும் ஓட்டை போட்டுத்தான் வடிய விடுவோம். சரி, தேறுமா?"

"மூணு தேறும் டாக்டர். ஒண்ணு போச்சு. மாடியில மாத்து ஆள் ரெடியா இருக்காங்க."

"மச்சான்கிட்ட என்ன சொல்றது?"

"மேல் மாடி பாத்ரூம்ல வைக்கச் சொல்லுங்க" என்றாள். அவர் உண்மையிலேயே அப்படித்தான் செய்தார்.

அன்றும் மறுநாளும் மொட்டை மாடியிலிருந்து தேறிய செடிகள் வண்டியில் வந்து இறங்கின. அழுகிய வேரை வெட்டி, உடைத்த செங்கல்லை அடியில் பரப்பி, புது மண்ணில் பெரியப்பாவைத் திரும்ப நிறுத்தினாள். படி நனையாமலிருக்க, ஒவ்வொரு ஓட்டைக்கும் கீழே ஒரு சின்னக் குழாயைப் பொருத்திச் சாக்கடை வரைக்கும் கொண்டுபோய் விட்டார் கணவர். இந்தத் தடவை ஒவ்வொரு திருகுக்கும் முன்னால், "சரியா?" என்று கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வாசலில் மண் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. வந்த விருந்தாளிகள் பூவைப் பார்த்து நின்றதில் ரிசப்ஷன் பெண் இரண்டு தடவை வெளியே வந்து கூப்பிட வேண்டியிருந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே, பின் வாசலுக்கும் இரண்டு தொட்டி வேண்டும் என்றார்.

சாயங்காலம் இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். பாதித் தெருவில் ஏதோ தட்டுப்பட்டு அவள் நின்றாள்.

"ஏங்க, வேற எங்கயாவது அடைச்சீங்களா?"

அவர் நாலடி நடந்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "முடிவெட்டற கடையில ரெண்டு. மிச்சப் பூச்சு காஞ்சு வீணாப் போயிடுமேன்னு. ஆனா புதன்கிழமை மத்தியானமே ஓடிப்போய்த் திறந்துட்டேன். செடிக்கு ஒண்ணும் ஆகலை, நான் பார்த்தேன்."

"திறந்ததையாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அடைச்சதையும் சொல்லணுமே" என்றார் அவர். அவள் அவர் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, நடையைத் தொடர்ந்தாள்.