முயலும் அப்பாவும் இருந்த பத்தியம்

எருமப்பட்டியில் எங்களுக்குக் கோழிப்பண்ணை. பிறந்ததிலிருந்து கோழிகளையே பார்த்துச் சலித்திருந்த எனக்கு, லாரி ஓட்டும் மாமா ஒருநாள் வெள்ளை முயலொன்றைக் கொண்டுவந்து தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் அன்பு என்றால் தீனிதான். அம்மா வாழைப்பழமும் பிஸ்கட்டும் ஊட்டினார். நான் கேரட்டாகவே கொடுத்துத் தள்ளினேன். அப்பாவோ பண்ணையிலிருந்து கோழித்தீவனத்தையே அள்ளிவந்து கொட்டினார். "தெனமும் முட்டையிடற கோழிக்கே இதுதான். இந்தச் சுண்டைக்கா முயலுக்கு ஆவாதாக்கும்?" என்று பெருமை வேறு.

அந்த வாரமே முயல் மூலையில் ஒடுங்கிவிட்டது. தின்னவில்லை, புழுக்கை போடவில்லை, வயிறு உப்பிக் கிடந்தது. செத்துப்போய்விடுமோ என்று நான் அழுத அழுகையில், பண்ணைக்கு வரும் கால்நடை டாக்டரை அப்பா வீட்டுக்கே இழுத்துவந்தார். அவர் மருந்தைப் புகட்டிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"கோழித்தீவனம் இதுக்கு ஆவவே ஆவாதுங்க. புல்லும் தண்ணியுந்தான் சோறு. மருந்தடிக்காத பக்கமாப் பார்த்து அறுங்க. பழம், கேரட்டெல்லாம் என்னைக்காச்சும் துளியூண்டு."

மறுநாளிலிருந்து அப்பா விடிந்ததும் வரப்போரம் போய் அருகம்புல் அறுத்துவந்தார். அடுத்தவரை ஏவியே பழகிய மனிதர்! காய்ந்த புல்லும் வைத்தோம். முயல் மெல்லக் கொறிக்கத் தொடங்கியது. அது புழுக்கை போட்ட அன்று வீடே கல்யாண வீடானது.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவும் அப்பாவும் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். பிறகு அப்பாவின் தட்டும் மாறிப்போனது. சோறு ஒரு கைப்பிடி, மீதியெல்லாம் கீரை. டீயில் சர்க்கரை இல்லை. முயலுக்கு மருந்து புகட்டும்போது அவரும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டேன்.

"அது மட்டும் தனியாப் பத்தியம் இருந்தா வருத்தப்படுமல்ல, சாமி? அதான் தொணைக்கு நானும்."

அம்மா சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. யாருக்கு வாய்க்கும் இப்படியொரு அப்பா என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

முயல் தேறித் துள்ள ஆரம்பித்ததும் ஓர் அதிரசத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"முயலுக்குத்தான் நல்லாயிருச்சே, இனி நீங்க தின்னுங்கப்பா!"

அவர் வாங்கி மோந்து பார்த்தார். பிறகு என் கையிலேயே திருப்பி வைத்தார். "இன்னுங் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும், சாமி."

முயல்மேல் இப்படியும் ஒரு பாசமா என்று வியந்துகொண்டே முழு அதிரசத்தையும் நானே தின்றேன். முயலுக்கு மருந்தை நிறுத்திய பிறகும் அப்பா மட்டும் ஏன் மாத்திரையை நிறுத்தவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.