அப்பாவின் லாரிக்கு ஒரு பவர் சப்ளை

அப்பா லாரி ஓட்டுவதை நிறுத்தியதற்குக் காரணம் வலது முழங்கால். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கல்கத்தா ரோட்டில் கழித்தவர். கால் பிரேக்கை அழுத்த மறுத்த பிறகு, கவரைப்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாதவர் என்று சொல்ல முடியாது, அவருடைய வேலையே உட்கார்ந்து செய்வதுதான். ஆனால் எதிரே ரோடு நகர வேண்டும். எங்கள் ஹாலில் எதிரே இருந்தது சுவர்.

நான் அவருடைய மகள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எலக்ட்ரிக்கல் பேனல்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது அம்மாவின் நம்பிக்கை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். அடுத்த மாதம் மேசையில் பொருத்துகிற ஸ்டியரிங் வாங்கி, பிரேக்கைக் கையால் பிடிக்கிற மாதிரி மாற்றி வைத்தேன். விளையாட்டு நடப்பது ஏதோ ஒரு குளிர்தேசத்தில். அங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் ஓடும். முதல் நாள் எதிரே வந்த எல்லோரையும் அப்பா அதற்காகத் திட்டினார். பிறகு அவர்கள் சரி என்று ஒப்புக்கொண்டார். வண்டி எடுக்கும் முன் சட்டை போட்டுக்கொள்வார். ஆளில்லாத ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்பார். ஊருக்குள் ஹாரன் அடிக்க மாட்டார்.

ஒரு நாள் மருந்து லோடு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் போய்க்கொண்டிருந்தார். நல்ல மழை. திடீரென்று திரை கறுத்தது, உள்ளே ஓடிய விசிறி நின்றது. அப்பா ஸ்டியரிங்கை விடவில்லை.

"லோடு இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆவல நைனா. கம்ப்யூட்டர் ஆஃப் ஆயிடுச்சு."

"அது தெரீது. லோடு?"

"அது போயிடுச்சு. ஏத்தறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் சேவ் ஆயிக்கீது."

"மருந்துன்னு போட்டிருந்துச்சேம்மா."

அவர் ஒருமுறை ஒடிசா வெள்ளத்தில் மாட்டி, கேபினுக்குள் பிஸ்கட் தின்று கிடந்து, அழுகிப்போன வெங்காயத்தைக் கொண்டுபோய் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கியவர். லோடை வழியில் விட்டுவிட்டு வந்ததே கிடையாது. எழுந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை.

நான் ஓட்டிப் பார்த்தேன். மலை, மழை, நிறைய மரங்கள் என்று எங்கே படம் கனமாகிறதோ அங்கே அணைந்தது. படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு அதிகக் கரண்ட் கேட்கிறது, கரண்டை மாற்றித் தரும் பவர் சப்ளையால் கொடுக்க முடியவில்லை. அது கம்ப்யூட்டர் பெட்டியோடு சும்மா வந்தது. புதிது வாங்கத் திருவள்ளூரில் ஒரு கடைக்குக் கிளம்பினேன். அப்பாவும் செருப்பை மாட்டினார்.

"வண்டி என்னுது, நானும் வரேன்" என்றார்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். அப்பா இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தார்.

"இதான்மா. நல்லா கனமா கீது."

பொருளின் தரத்தை எடையால் சோதிப்பது எங்கள் பிரிவில் வழக்கமில்லை. ஆனால் உள்ளே பெரிய டிரான்ஸ்பார்மர் இருந்தால் கனம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த வாட் கணக்கும் எங்கள் தேவைக்கு இரண்டு மடங்கு இருந்தது. வீடு வரும்வரை அப்பா அதை மடியிலேயே வைத்திருந்தார்.

அதைப் பொருத்தி நான் ஓட்டிப் பார்த்தேன். அதே மலையில், அதே மழையில் திரை மறுபடியும் கறுத்தது. இந்த முறை தீய்ந்த வாசனையும் வந்தது.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கிய மின்சாரம் அடங்க ஒரு நாள் விட்டு, பவர் சப்ளையைத் திறந்தேன். பாதிப் பெட்டி காலி. இருந்த டிரான்ஸ்பார்மர் நெல்லிக்காய் அளவு. அடியில் ஓர் இரும்புக் கட்டியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். எந்த ஒயரும் அதற்குப் போகவில்லை.

"இது எதுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"கனத்துக்கு" என்றேன்.

அம்மா அதைக் கழுவிக்கொண்டு போய், மாடியில் மிளகாய் காயும் துணி பறக்காமலிருக்க மூலையில் வைத்தாள். அந்த வேலைக்கு அது பொருத்தமாக இருந்தது.

அப்பா காலிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "ஏமாத்தறதுக்குக் கூட இரும்ப டப்பு குடுத்துதான வாங்கிக்கீறான்" என்றார். பெட்டியை மூடிவைத்துவிட்டு, "நான்தான் தூக்கிப் பாத்துச் சொன்னேன்" என்றார்.

"நானும்தான் ஒத்துக்கினேன், உடு நைனா."

இந்த முறை தொழிற்சாலையில் செய்வதுபோலவே செய்தேன். கார்டும் மற்றவையும் எவ்வளவு இழுக்கும் என்று கூட்டி, அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டேன். பெட்டியின் முகப்பில் இருக்கும் பெரிய எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அட்டவணையைப் படித்தேன். கார்டுக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட்டில் எவ்வளவு தரும் என்பது அங்கேதான் இருக்கும். எங்கள் வெயிலில் முழு லோடு தாங்குமா, தொழிற்பேட்டையில் உலைகள் ஓடும்போது எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்குமே அப்போது நிற்குமா, கோளாறு வந்தால் மற்றதை எரிக்காமல் தானே அணையுமா, வாரண்டி எத்தனை வருடம் என்று பார்த்தேன். திறந்து சோதித்தவர்கள் எழுதியதையும் தேடிப் படித்தேன்.

"ஃபுல் லோடுல நாள் பூரா நிக்குமா?" என்று கேட்டார் அப்பா.

"நிக்கும்னு எழுதிக்கீது."

"எழுதறதுக்கு இன்னா. லாரி பின்னாடி கூடத்தான் எழுதிக்கீது."

புதியது வந்தது. பழையதைவிட லேசாக இருந்தது. அப்பா தூக்கிப் பார்க்கவில்லை. பொருத்தி முடித்து, கார்டை முழு வேகத்தில் ஓடவைக்கும் சோதனையைப் போட்டுவிட்டு, சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் முழுக்க இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் டியூப்லைட் மங்கி மங்கி எரிந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அவ்வப்போது பின்பக்கம் கையை நீட்டி, வெளியே வரும் காற்றின் சூட்டைப் பார்த்தார். சாயங்காலம் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்.

மறுபடியும் மருந்து லோடையே தேடி எடுத்தார். மலையில் மழை பிடித்தது. போன இரண்டு முறையும் நின்றுபோன வளைவு வந்தது. அவர் கியரைக் குறைத்து மெதுவாகத் திரும்பி இறங்கினார். ஊர் வந்தது. கிடங்கு வாசலில் வண்டியைப் பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நேராக நிறுத்தினார். லோடு சேர்ந்தது என்று திரையில் எழுத்து வந்தது.

"கையெழுத்துப் போட ஆள் வரலியா?"

"இதுல அதெல்லாம் இல்ல நைனா."

இருந்தும் இன்ஜினை அணைக்காமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, அம்மா பின்னால் நின்றிருந்தாள். அவர் லாரியில் அவள் ஒருநாளும் ஏறியதில்லை.

"இத்தினி வருசமா இப்டித்தான் போய்க்கினு இருந்தியா?" என்று அவரைக் கேட்டாள்.

"இப்டி இல்ல. இங்க ரோடு நல்லாகீது."

அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, ஊட்டுக்கு எப்டி வருவ, அதக் காட்டு."

அந்த விளையாட்டில் வீடு கிடையாது, அடுத்த லோடுதான் உண்டு. அப்பா அதை அவளிடம் சொல்லவில்லை. வண்டியைத் திருப்பினார்.