சஹனில் கபீர் தள்ளிய கறி

கீழக்கரையில் செருப்புக் கடை வைத்திருந்த அகமது கபீருக்கு 1998 வாக்கில் பெருமனசுக்காரர் என்று திடீர்ப் பெயர் வந்தது. கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹன் சாப்பாட்டில், நல்ல கறித்துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவார். தனக்கு வெறும் சோறு, அதுவும் தாளிச்சாக் குழம்பில் குழைத்து.

"அந்த மனசு யாருக்கு வரும்?" என்றது ஊர்.

மனசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கறி நெஞ்சில் இறங்காது, அவ்வளவுதான்.

மனைவி லத்தீபாவிடம் மீன்முள் என்று சொல்லி வைத்திருந்தார். அவள் வாழைப்பழம் கொடுத்தாள், சோற்று உருண்டை கொடுத்தாள். மாதக்கணக்கில் தங்கும் முள் எந்த மீனுக்கும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். கபீரின் வாப்பா இதேபோல் சோறு இறங்காமல், பிறகு கஞ்சி இறங்காமல், புற்றில் போனவர். அதனால் டாக்டர் இருந்த தெருப் பக்கமே கபீர் தலைவைத்துப் படுக்கவில்லை.

மகள் நஃபீசாவின் நிச்சயத்தன்று சம்பந்தி நெய்னா முகம்மது பெரிய கறித்துண்டாக எடுத்தார்.

"குடுத்தே பழகிட்டிய சம்பந்தி! இன்னைக்கு நான் ஊட்டுறேன், வாயைத் தொறங்க."

சபையே பார்க்கிறது. புதுச் சம்பந்தியின் கையைத் தட்டிவிட முடியுமா? வாங்கினார். கறி பாதி வழியில் நின்றது. தண்ணீர் குடித்தார், குடித்தது அப்படியே திரும்பி வந்தது. எச்சில்கூட இறங்கவில்லை.

"முள்ளு..." என்றார்.

"ஆட்டுக்கறியில ஏதுங்க முள்ளு?" பெண்கள் பக்கத்திலிருந்து ஓடி வந்த லத்தீபா கத்தினாள்.

மதுரையில் டாக்டர் குழாய் விட்டுக் கறியை எடுத்தார்.

"உணவுக்குழாய் சுருங்கியிருக்கு. வருசக்கணக்கா புளிச்ச தண்ணி மேல ஏறிப் புண்ணாக்குனா இப்படி ஆகும். நரம்பு கெட்டாலும் ஆகும். கட்டியாவும் இருக்கலாம். சதை எடுத்து அனுப்பியிருக்கேன்."

கபீர் காதில் விழுந்தது கட்டி மட்டும்தான்.

முடிவு வர ஒரு வாரம். ஊருக்குத் திரும்பினார்கள். கடைசியில் லத்தீபாதான் கேட்டாள்: "தெரிஞ்சா மறைச்சிய?"

"தெரியாம இருக்கணும்னு மறைச்சேன்."

முடிவு வாங்க மறுபடி மதுரை போனார்கள். "புத்து இல்ல," என்றார் டாக்டர். "நெஞ்செரிச்சல் போட்ட தழும்பு." சுருக்கத்தை விரித்துவிட்டு, மாத்திரையும் எழுதிக்கொடுத்தார்.

மறுநாள் காலை மதுரை பஸ் ஸ்டாண்டில் லத்தீபா இட்லி வாங்கி வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"முழுங்குங்க."

"எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும்."

ஒரு விள்ளல் போட்டார். அவள் கண் அவர் தொண்டையைவிட்டு அகலவில்லை. இறங்கியது. இன்னொன்று. அதுவும் இறங்கியது.

"எனக்கும் ரெண்டு சொல்லுங்க," என்றாள். "ஒரு வாரமா எனக்கும்தான் இறங்கல."