கப்பல் வண்டியின் பிரேக்கும் கனி பாயும்

எந்த வண்டி வந்து நின்றாலும் நாகூர் கனி முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுகிறார். ஸ்டியரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து, கண்ணை மூடி, ரசத்துக்கு உப்புப் போட்டாயிற்றா என்று பார்ப்பவரைப் போல இழுத்து முகர்கிறார். வயர் தீய்ந்த வாடை வந்தால் 'ம்' என்று ஒரு சத்தம். வரவில்லை என்றால் முகம் தொங்கிப்போகிறது. வாடை உள்ள கோளாறை எப்படியும் பிடித்துவிடலாம், வாடையே இல்லாததுதான் ஆளைக் கொல்லும் என்பது அவர் கட்சி.

சிவகாசியில் சாத்தூர் ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கிற கடை. ஒல்லியான உடம்பு, ஐம்பதைத் தொடப்போகிற வயது, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு வயர் தொங்கும் ஒரு சின்ன பல்பு. கரண்டு வருகிறதா என்று பார்க்க அதுதான் அவருக்கு ஆயுதம். டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் வைத்திருக்கிறார். ஆனால் மீட்டர் சொன்னதை பல்பிடம் ஒரு தடவை கேட்காமல் நம்ப மாட்டார். பல்பு சொன்னதையும் முழுசாக நம்புகிறாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

வேலை முடிந்து வண்டியை ஒப்படைத்த பிறகுதான் வேடிக்கை. தன்னுடைய பழைய டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு அந்த வண்டிக்குப் பின்னாலேயே போவார். என் ஸ்கூட்டருக்கு அவர் ஹாரன் மாற்றிக் கொடுத்த அன்று, பெட்ரோல் பங்க் வரைக்கும் யாரோ தொடர்ந்து வருவதைக் கண்ணாடியில் பார்த்து எரிச்சலோடு நிறுத்தினேன். “ஒண்ணுமில்ல சார், பிரேக் லைட்டு எரியுதான்னு பாத்தேன். நீங்க போங்க” என்றார். ஹாரனுக்கும் பிரேக் லைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார். இந்த மனுஷனுக்கு மட்டும் ஊரில் ஓடுகிற அத்தனை வண்டியும் நெஞ்சுக்குள்ளேயே ஓடுகிறது என்று அவர் மனைவி தஹ்மீனா என் வீட்டில் வந்து சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவரிடம் 2006 சித்திரையில் வந்து சேர்ந்தது கப்பல் வண்டி. தாயில்பட்டிப் பக்கம் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனி, தூத்துக்குடி துறைமுக ஏலத்தில் எடுத்த வெளிநாட்டுப் பிக்கப் அது. கூடவே ஒரு டிரெய்லர். அதன்மேல் இரண்டாயிரம் லிட்டர் டேங்கை ஏற்றி, ஷெட்டுகளின் தீயணைப்பு வாளிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். ஸ்டியரிங் பக்கத்து முன்பலகையிலேயே பதிந்து ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. டிரைவர் பிரேக்கை மிதித்தால், அந்தப் பெட்டி வயர் வழியாகக் கரண்டு அனுப்பி டிரெய்லரின் சக்கரங்களையும் பிடிக்க வைக்கும். டிரெய்லரோடு தொடர்பு இருக்கும்வரை அதில் பச்சை விளக்கு எரியும்.

அந்தப் பச்சைதான் அணைந்து அணைந்து விளையாட்டுக் காட்டியது. அதுவும் எங்கே? மேட்டிலிருந்து கம்பெனி கேட்டுக்கு இறங்குகிற சரிவில். விளக்கு போனால் டிரெய்லருக்குப் பிரேக் இல்லை. இரண்டாயிரம் லிட்டரும் சேர்ந்து முன்வண்டியைத் தள்ளும். சாயங்காலம் தண்ணீர் வருகிற நேரத்தில்தான் வேலை விட்டு, பெண்கள் வேனுக்காகக் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். வேன் வேறு பக்கத்திலிருந்து வருவதால் சரிவுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பார்கள். முந்தின வாரம் வண்டி நிற்காமல் வந்து அவர்களுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. வெள்ளைத்தாய் என்கிற அம்மாள் தூக்குவாளியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். டிரைவர் சங்கிலிமுத்துவின் மனைவி வள்ளித்தாயும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருக்கிறாள்.

கடையில் மூன்று நாள் வண்டி நின்றது. கனி முகர்ந்து பார்த்தார், வாடை இல்லை. பியூஸ் சரி. பிரேக் பெடலில் இருந்து பெட்டிக்குப் போகிற வயர் சரி. பெட்டியிலிருந்து பின்னால் பிளக் வரை பல்பு பளிச்சென்று எரிந்தது. டிரெய்லர் சக்கரத்தைக் கழற்றி, கரண்டு வந்தால் பிரேக்கைப் பிடிக்க வைக்கிற காந்தங்களைப் பார்த்தார், அதுவும் சரி. மாட்டி மிதித்தால் சக்கரம் கச்சிதமாகப் பிடித்தது. பச்சை விளக்கு இமைக்கக்கூட இல்லை. ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு அங்கே போய் மட்டும் கெடுகிற கோளாறு அவரைச் சாப்பிட விடவில்லை. மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மிகையாகச் சொல்லவில்லை, நானே பார்த்தேன்.

கம்பெனி மேனேஜர் சங்கையா பொறுமை இழந்துவிட்டார். பெட்டிதான் கெட்டிருக்கிறது, இந்த ஊரில் அதற்குப் பார்ட்ஸ் கிடைக்காது, அறுத்துப் போட்டுவிட்டு ஒரு சுவிட்சை வைத்துவிடுங்கள், டிரைவர் பிரேக்கை மிதிக்கும்போது சுவிட்சையும் தட்டிக்கொள்ளட்டும் என்றார். திங்கட்கிழமை வண்டி ஓடியாக வேண்டும். கனி தரையைப் பார்த்துக்கொண்டு பேசுகிறவர். அன்று மட்டும் நிமிர்ந்து, “பதறுற நேரத்துல மனுசனுக்குக் கால் மட்டுந்தான் போவும் சார், கை போவாது” என்றார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, அங்கேயே வந்து பார்க்கிறேன் என்று நாள் வாங்கினார். கூட ஒரு ஜோடிக் கண் வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டார்.

கேட்டில் வாட்ச்மேன் எங்கள் செல்போன்களோடு கனியின் பல்பையும் வாங்கி வைத்துக்கொள்ளப் பார்த்தார். கேட்டுக்கு உள்ளே வர மாட்டேன், மேட்டில்தான் வேலை என்று கனி சத்தியம் செய்து அதை மீட்டார். டேங்கில் தண்ணீரை நிரப்பி, என்னை டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துப் பச்சை விளக்கைப் பார்க்கச் சொன்னார். கனி, வண்டியும் டிரெய்லரும் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் குனிந்தபடியே நடந்து வந்தார். நடை வேகத்தில்தான் இறங்கினோம். சரிவு தொடங்கியதும் பச்சை அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நின்றோம். மறுபடி மேலே போய் இறங்கினோம், அதே இடத்தில் அணைந்தது. மூன்றாம் தடவை கனி மண்ணில் முழங்காலிட்டு, டிரெய்லரின் கழுத்துக்கு அடியில் கையை விட்டு ஒரு வெள்ளை வயரைப் பிடித்தார்.

பட்டாசுப் பக்கம் போகிற வண்டிகளுக்குப் பின்னால் தரையைத் தொடுகிறாற்போல ஒரு சங்கிலி தொங்கும். ஓடும்போது வண்டியில் சேருகிற மின்சாரம் மண்ணில் இறங்கிவிடவேண்டும் என்பதற்காக. டிரெய்லரிலும் அப்படி ஒன்று தொங்கியது. பிளக்கோடு சேர்ந்திருக்க வேண்டிய வெள்ளை வயர் அங்கே இல்லாமல், நல்ல போல்ட் போட்டு, அழகாக, அந்தச் சங்கிலியில் முறுக்கப்பட்டிருந்தது.

“இது ஆரு வேலை?” என்று கேட்டார் கனி. சங்கிலிமுத்து வண்டியை விட்டு இறங்கி வந்தான்.

“நாந்தான் பாய். வயரு இத்துத் தொங்குச்சு. கரண்டு மண்ணுக்குள்ள போயிட்டா பத்திரம்னு சங்கிலியில கட்டுனேன். உள்ள அவ வேலை பாக்காள்ல.”

கனி அவனுக்கு மெதுவாக விளக்கினார். பிரேக்குக்குப் போன கரண்டு மண்ணுக்குள் போய்ப் பிரயோசனம் இல்லை, பாட்டரிக்குத் திரும்பி வரவேண்டும். அது திரும்புகிற வயரைத்தான் அவன் சங்கிலிக்குக் கொடுத்துவிட்டான். இத்தனை நாள் கரண்டு வேறு வழியில்லாமல், இரண்டு வண்டியும் சேருகிற இரும்புக் குண்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. சமதரையில் இழுக்கும்போது இரும்பு இரும்போடு ஒட்டும். சரிவில் டிரெய்லர் முன்னே தள்ளும்போது அந்த ஒட்டு விட்டுப்போய், நடுவில் கிரீஸ்தான் நிற்கும். தினமும் காலையில் அந்தக் குண்டுக்குத் தாராளமாகக் கிரீஸ் போடுகிறவனும் சங்கிலிமுத்துதான். அக்கறையாகச் செய்த இரண்டு காரியமும் சேர்ந்து அவன் பெண்டாட்டியை நோக்கித்தான் வண்டியைத் தள்ளியிருக்கின்றன. அவன் டிரெய்லர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

கனி திட்டவில்லை. சங்கிலி அதுபாட்டுக்குத் தொங்கட்டும், அதற்கு அந்த வேலை போதும் என்றார். தடித்த புது வயர் ஒன்றை டிரெய்லரின் உடம்பிலிருந்து பிளக் வரைக்கும் இழுத்து, முறுக்கி, ஈயம் வைத்து, டேப் சுற்றினார். சங்கையா போனில் கேட்டபோது, வயர் இற்றுப்போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எட்டுத் தடவை இறங்கினோம். பச்சை அணையவில்லை. கேட்டுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருந்தார். எட்டுத் தடவையும் வண்டி கோட்டிலேயே நின்றது. டிரெய்லரின் இரண்டு சக்கரமும் புழுதியில் ஒரே அளவு இழுத்திருந்தன. வாட்ச்மேன் கொட்டாவி விட்டார். வெயில் சாய்ந்துவிட்டது, கிளம்புவோம் என்று நான் சொன்னது கனியின் காதில் விழவில்லை. சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், தொட்டதையே மறுபடி தொட்டார். அப்புறம் சங்கிலிமுத்துவிடம் வந்து, அவன் காதருகில் கேட்டார்.

“வள்ளித்தாய் எங்கன நிப்பா?”

சங்கிலிமுத்து ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினான். கோட்டுக்கு இரண்டு முழம் தள்ளி, கேட் தூணுக்குப் பக்கத்தில். கனி நேராக அங்கே போய், வேன் வருகிற ரோட்டைப் பார்த்து, சரிவுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“வேண்டாம் பாய். நீங்க தள்ளி நில்லுங்க” என்றான் சங்கிலிமுத்து.

“அவுகளும் இப்படித்தான நிப்பாக” என்றார் கனி, திரும்பாமல்.

வண்டி கிளம்பியது. அவர் இடது கை சட்டையின் ஓரத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்கியிருந்தார். எஞ்சின் சத்தம் முதுகுக்கு அருகே நெருங்க நெருங்க, அந்தக் கை வா, வா என்று வண்டியை அழைத்துக்கொண்டே இருந்தது.